ஓடும் நீருக்கு ஸ்பானியச் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 'ஓடை' என்று தேடினால் அரோயோ, ரியாச்சுவேலோ, கெப்ராடா, எஸ்தேரோ என்று வரிசையாக வருகின்றன. எதைப் படிப்பது?

முதலில் அரோயோ. அது பெரும்பாலான நாடுகளில் புரியும். மற்றவற்றை நாட்டின் பெயரோடு சேர்த்தே மனத்தில் வையுங்கள். கொலம்பியாவிலும் கோஸ்டாரிகாவிலும் மலையிறங்கி வரும் ஓடை கெப்ராடா. வட அர்ஜென்டினாவில் அதே சொல் மலையிடுக்கைக் குறிக்கும். உமாவாக்கா கெப்ராடா அப்படிப்பட்டதுதான். சிலியில் எஸ்தேரோ என்றால் ஓடை. அர்ஜென்டினாவின் இபெராவில் சதுப்பு நிலம். ரியாச்சுவேலோ என்றால் சிற்றாறு. புவெனஸ் ஐரிஸின் தெற்கு எல்லையில் ஓடும் ஆற்றுக்கு அதுவே பெயர். பெயரைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நாறிப்போன நீர் அது.

கேள்வி: பாரன்கியா நகரில் அரோயோ ஒரு காரை இழுத்துச் சென்றது என்று படித்தேன். ஓடைக்கு அவ்வளவு வேகமா?

அங்கே அரோயோ என்பது தெருவேதான்! அந்தக் கொலம்பிய நகரம் போதிய மழைநீர் வடிகால் இல்லாமலே வளர்ந்தது. மழை கொட்டினால் சரிவான தெருக்கள் காட்டாறாகிவிடும். அண்மை ஆண்டுகளில் சிலவற்றை நிலத்தடிக் கால்வாய்களாக மாற்றியிருக்கிறார்கள். மெக்சிகோவில் இன்னொரு வேடிக்கை: 'அரோயோ வெஹிகுலார்' என்றால் வண்டிகள் ஓடும் சாலைப் பகுதி. அதில் சொட்டு நீரும் வேண்டியதில்லை.

கேள்வி: ஸ்பெயினின் வாலென்சியா வெள்ளச் செய்திகளில் ரம்ப்ளா, பர்ராங்கோ என்று வந்துகொண்டே இருந்தன. இரண்டும் ஆறுதானா?

ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் நீர்வழிகள். ரம்ப்ளா, மணல் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது, அகன்ற மணற்படுகை. பர்ராங்கோ செங்குத்தான கரைகள் கொண்ட ஆழமான பள்ளம். ஆனால் பேச்சில் இந்தக் கோடு அழிந்துவிடும். 2024 அக்டோபர் 29 அன்று கரைபுரண்ட போயோ என்ற நீர்வழியை இரண்டு பெயராலும் அழைக்கிறார்கள். அந்த வெள்ளத்தில் வாலென்சியா மாகாணத்தில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செய்தி படிப்பவர்கள் 'தெஸ்போர்தார்சே' (கரைபுரள்தல்), 'கிரெசீதா' (ஆற்றில் நீர் பெருகுதல்), 'கௌசே' (நீர் ஓடும் படுகை) மூன்றையும் அறிந்திருக்க வேண்டும். 1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றை வாலென்சியா நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். பழைய கௌசே இன்று நீண்ட பூங்கா.

கேள்வி: வாய்க்காலுக்கு என்ன சொல்?

பாசன வாய்க்கால் என்றால் அசேகியா. ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'அதேகியா' என்று ஒலிப்பார்கள். இதுவும் அரபு தந்த சொல். வாலென்சியா பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் வியாழக்கிழமை நண்பகலில் தண்ணீர் நீதிமன்றம் கூடும். உழவர்களே நீதிபதிகள், விசாரணை முழுக்க வாய்மொழி. 2009இல் யுனெஸ்கோ அதை மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. எனக்கு மிகவும் பிடித்த சொல் அசேகியா; வண்டல் மண்ணில் வளர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: 'எல் அகுவா' என்கிறார்கள். நீர் ஆண்பாலா?

பெண்பால்தான். அழுத்தம் பெற்ற 'அ'வில் தொடங்குவதால் ஒருமையில் மட்டும் 'லா'வுக்குப் பதில் 'எல்' வருகிறது. எல் அகுவா ஃப்ரியா (குளிர்ந்த நீர்), பன்மையில் லாஸ் அகுவாஸ் ஃப்ரியாஸ்.

கேள்வி: அரோயோவை எப்படி ஒலிப்பது?

நம் 'ர' ஒற்றை ஆருக்குப் பொருந்தும். இங்கே இருப்பது இரட்டை ஆர், நாக்கு படபடக்க வேண்டும். 'ரியோ'வின் முதலெழுத்தும் அப்படியே. புவெனஸ் ஐரிஸில் 'அரோஷோ' என்பார்கள், திருத்தப் போகாதீர்கள்.

கேள்வி: சொற்கள் மனத்தில் நிற்க வழி உண்டா?

பட்டியலை மூடிவைத்துவிட்டு, ஓர் ஆற்றை ஊற்றிலிருந்து கடல்வரை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். 'எல் எப்ரோ நாசே என் கான்தாப்ரியா, பாசா போர் சரகோசா இ தெசெம்போகா என் எல் மெதிதெரானியோ.' பிறக்கிறது, கடக்கிறது, கடலில் கலக்கிறது: மூன்று வினைகள் கைக்கு வந்துவிட்டன. பிறகு 'அஃப்லுவென்தே' என்று துணையாறு செக்ரேவைச் சேருங்கள். அடுத்தது தாஹோ ஆறு: அல்பராசின் மலைகளில் பிறந்து, தொலேதோவைக் கடந்து, லிஸ்பன் அருகே கடலில் கலக்கிறது. இதை நீங்களே ஸ்பானியத்தில் எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.