மஞ்சளித்த வெட்சியைப் பிடுங்கிவிட்டுக் காசித்தும்பை நடலாமா?

வாசகியின் கேள்வி: தெஹிவளையில் ஆறு பேர்ச் காணியில் வீடு கட்டிக் குடிவந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. முன்மதிலோரம், பிற்பகல் வெயில் நன்றாக விழும் இடத்தில், பன்னிரண்டடி நீளமும் இரண்டடி அகலமுமான பாத்தியில் நான்கு எக்சோரா (வெட்சி) நட்டேன். இளம் இலைகள் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. யூரியா போட்டும் மாறவில்லை. மாதம் தவறாமல் ஒழுங்காக வெட்டிவிட்டும் பூ இல்லை. நாற்றுக் கடைக்காரர், "பிடுங்கிவிட்டுக் காசித்தும்பை போடுங்கள், இரண்டு மாதத்தில் பூக்கும்" என்கிறார். மாமிக்குத் தினமும் சாமிக்குப் பூ வேண்டும். வீட்டின் பக்கத்தில், காலையில் மூன்று மணித்தியாலம் மட்டும் வெயில் படும் ஓர் ஒடுங்கிய துண்டு நிலமும் இருக்கிறது. எது நல்லது?

பிடுங்க வேண்டாம். இரண்டு மாதத்தில் பூக்கும் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். அதற்கடுத்த இரண்டு மாதத்தில் செடி காய்த்து முடிந்து, பாத்தி மறுபடி வெறுமையாகும் என்பதை அவர் சொல்லவில்லை.

காசித்தும்பை ஓராண்டுச் செடி, வெட்சி என்றும் பசுமையான புதர் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதை நம் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை குளிர்நாட்டார் தங்கள் வசதிக்கு வைத்த பிரிவுகள். பனிக்காலத்தில் எல்லாம் உதிர்ந்து மொட்டையாகும் நாட்டில், பச்சை மாறாத புதர் ஒரு பெரிய விடயம். கொழும்பில் எந்தச் செடிதான் பச்சையாக இல்லை? இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது மழை. ஆகவே இவ்விரண்டையும் ஒப்பிடுவதானால், மழையில் ஒவ்வொன்றும் என்ன ஆகிறது என்றுதான் பார்க்க வேண்டும். வெட்சியை மழை தொடங்கும்போது நட வேண்டும். காசித்தும்பையை மழை விடும்போது விதைக்க வேண்டும்.

முதலில் உங்கள் வெட்சியின் நோயைப் பார்ப்போம். எக்சோரா என்று கடையில் விற்பது நம் பழைய வெட்சிதான்; சங்கப் பாட்டில் ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய அதே பூ. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமானது. புளிப்புத் தன்மையுள்ள மண்ணைத்தான் அது விரும்பும். கொழும்புப் பக்கத்துச் செம்மண் இயல்பாகவே அப்படிப்பட்டது. பின் ஏன் மஞ்சளித்தது? மதிலால்தான். புது வீட்டு மதிலோரத்தைத் தோண்டிப் பாருங்கள்: சீமெந்துக் கட்டி, உடைந்த செங்கல், சாந்துத் துண்டு எல்லாம் கிடைக்கும். வேலை முடிந்ததும் கொத்தனார்கள் அவற்றை அங்கேயே மூடிவிட்டுப் போவார்கள். போதாததற்கு ஒவ்வொரு மழையும் மதிலைக் கழுவிச் சுண்ணாம்பை வேரடியில் இறக்குகிறது. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்பு இருந்தும் பயனில்லை. வேர் உறிஞ்ச முடியாத வடிவத்துக்கு அது மாறிவிடும். இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இதன் அடையாளம். யூரியா தருவது தழைச்சத்து. தழைச்சத்துக் குறைந்திருந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள்தான் முதலில் வெளுத்திருக்கும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனுக்குச் சோறு போட்ட கதை.

செய்ய வேண்டியது இது. மே மாத மழையோ ஒக்டோபர் மழையோ பிடித்ததும், வானம் மூடியிருக்கும் ஒரு நாளில் நான்கு செடிகளையும் வேர்மண் உடையாமல் கிளப்புங்கள். பாத்தியை ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி, கட்டட இடிபாடுகளை முழுவதுமாக அகற்றுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண், நன்றாக உக்கிய கூட்டெரு, கொஞ்சம் தும்புத்தூள் ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள். திரும்ப நடும்போது, செடி மதிலை ஒட்டாமல் பாத்தியின் வெளிவிளிம்புப் பக்கமாக, மூன்றடிக்கு ஒன்றாக இருக்கட்டும். மழை வரும் வரை பொறுக்க மனமில்லாவிட்டால், விவசாய மருந்துக் கடையில் கிடைக்கும் கீலேற்று இரும்பை (செடி எளிதில் உறிஞ்சும் வடிவிலுள்ள இரும்பு) அட்டையில் உள்ள அளவுப்படி கரைத்து இலையில் தெளியுங்கள். தளிர் பச்சை பிடிக்கும். ஆனால் அது தற்காலிகம்தான். மண் மாறாத வரை மஞ்சள் திரும்பி வரும். அடுப்புச் சாம்பலைச் செடிக்குப் போடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், வெட்சிக்கு மட்டும் வேண்டாம். சாம்பலும் சுண்ணாம்பின் வேலையைத்தான் செய்யும்.

பூ இல்லாததற்கு மதிலைக் குறை சொல்ல முடியாது. அது உங்கள் கத்தரிக்கோலின் வேலை. வெட்சி கிளை நுனியில்தான் பூக்கும். மாதா மாதம் நுனியை வெட்டினால், பூவாக வேண்டியதைக் குப்பைக் கூடையில் போடுகிறீர்கள் என்று பொருள். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் ஒரு தடவை வெட்டுங்கள். பிறகு இரண்டு மூன்று மாதம் அந்தப் பக்கம் கத்தரிக்கோலோடு போகாதீர்கள். பெட்டி போலச் சதுரமாக வெட்டிய வேலி அலுவலக வாசலுக்குச் சரி. வீட்டு வளவில் எனக்கு அது பிடிப்பதில்லை. இரண்டடிப் பாத்திக்குள் அடங்க வேண்டுமானால், இனிமேல் வாங்கும்போது சிறிய இலையுள்ள குள்ள வகையைக் கேளுங்கள்.

எறும்பு வரிசையாக ஏறினால் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். செதிற்பூச்சியோ அசுவினியோ இருக்கும். அதன் இனிப்புக் கழிவில்தான் கரிப்பூஞ்சணம் படர்கிறது. மென்மையான சோப்பு நீரால் கழுவி, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும்.

இனி காசித்தும்பை. பெயரில் தும்பை இருந்தாலும், சிவனுக்குச் சாத்தும் வெள்ளைத் தும்பைக்கும் இதற்கும் உறவில்லை. தண்டு முழுவதும் நீர். அதுதான் அதன் அழகு, அதுவே அதன் ஆபத்தும். கொழும்பில் மே, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒவ்வொன்றிலும் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது வழக்கம். அந்த நாட்களில் தண்ணீர் தேங்கும் பாத்தியில் நின்றால், அடித்தண்டு கூழாகி ஒரே இரவில் செடி சாய்ந்துவிடும். ஆகவே இரண்டு தவணைகளை வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நடுவில் விதைத்தால் பெப்ரவரி, மார்ச்சில் பூ. ஜூன் கடைசியில் விதைத்தால் ஆகஸ்ட், செப்டெம்பரில் பூ. விதையை அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் புதைக்க வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். ஓரடிக்கு ஒரு செடி விடுங்கள்.

இதற்குரிய இடம் முன்மதில் அல்ல, அந்தப் பக்கத்துத் துண்டு நிலம். காலை வெயில் மூன்று மணித்தியாலம் காசித்தும்பைக்குப் போதும். வெட்சி அங்கே இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். முன்பக்கத்துப் பிற்பகல் வெயிலில் காசித்தும்பை தினமும் தலை தொங்கும். பக்கத்திலும் சில நாள் மத்தியானம் துவளும்; உடனே வாளியைத் தூக்காதீர்கள். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் பொழுது சாய அது தானாக நிமிரும். தண்ணீரை எப்போதும் அடியில் விடுங்கள், இலையில் அல்ல.

பூச்சாடியில் வளர்ப்பதாக இருந்தால் அடித்தட்டே வேண்டாம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். காய்ந்த தட்டிலும் முட்டை ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். தட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

மாமியின் பூத்தட்டுக்கு என் வாக்கு வெட்சிக்கே. கந்தசஷ்டி வருவது ஐப்பசியில், அதாவது கொழும்பில் மழை கொட்டும் நாட்களில். அப்போது காசித்தும்பையை எதிர்பார்க்க முடியாது. பழுப்பேறிய கொத்துகளை நீக்கிவிட்டால் வெட்சியில் நல்ல கொத்து கிடைக்கும். முருகனுக்கும் உகந்தது. எக்சோரா என்ற பெயரே ஈசுவரன் என்பதைப் போர்த்துக்கேயர் உச்சரித்த விதத்திலிருந்து வந்தது என்பதையும் மாமியிடம் சொல்லுங்கள். பிறகு அவரே அதைக் கத்தரிக்கோலிலிருந்து காப்பாற்றுவார். காசித்தும்பை தட்டில் வைத்த சிறிது நேரத்தில் துவண்டுபோகும். அது செடியில் நிற்கும்போது பார்ப்பதற்கான பூ.

பத்தரமுல்லைப் பக்கத்து நாற்றுக் கடைகளுக்குப் போனால், சிங்களத்தில் வெட்சிக்கு ரத்மல், காசித்தும்பைக்குக் கூடலு என்று கேளுங்கள். காசித்தும்பை விதையை ஒருமுறை வாங்கினால் போதும். காய் பருத்து வெளிறியதும், உள்ளங்கையால் மூடிக்கொண்டு மெல்ல அழுத்துங்கள்; மூடாவிட்டால் வெடித்துச் சிதறி மதிலுக்கு அப்பால் போய்விடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம். விதை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.