இரண்டாவது பவ்ரான் வாசிக்கலாமா?

அயர்லாந்தின் கால்வே நகரத்துப் பப்பில், எல்லாரும் கூடி ஐரிஷ் மெட்டுகள் வாசிக்கும்போது, ஒருவர் ஏற்கனவே பவ்ரான் (ஒரு பக்கம் ஆட்டுத்தோல் போர்த்திய ஐரிஷ் கைமுரசு) வாசிக்க, நீங்களும் சேர்ந்ததும் ஃபிடில்காரர் முகம் சுளித்தார் என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பவ்ரான் போதும் என்பது அங்கே எழுதாத வழக்கம். ஃபிடில், குழல், கான்சர்டினா (கையால் இழுத்து அமுக்கும் சின்னத் துருத்திக் கருவி) எல்லாமே ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். ஒவ்வொருவரும் போடும் சின்னச் சின்ன அசைவுகளில்தான் சுகமே இருக்கிறது. இரண்டு தோல்கருவிகள் துளி முன்பின் விழுந்தாலும் அந்த அசைவுகள் கேட்காமல் போய்விடும்.

அடுத்த முறை முதலில் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். அந்தப் பவ்ரான்காரர் ஓய்வெடுக்கும்போது வாசியுங்கள். பெரும்பாலான மெட்டுகள் எட்டெட்டு பார் (தாளக் கட்டம்) கொண்ட இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் இருமுறை வரும். மூன்று சுற்று ஆனதும் பொதுவாக நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். அதனால் முதல் சுற்றைக் கேளுங்கள். 6/8 தாளத்து ஜிக்கா, 4/4 ரீலா, 9/8 ஸ்லிப் ஜிக்கா என்று மெட்டின் வகை பிடிபடட்டும், அப்புறம் மெல்லத் தொடங்குங்கள். தோலின் உட்புறம் இடது உள்ளங்கையைப் பதித்து அழுத்தினால் சத்தம் அடங்கும், கார்வையும் நீளாது. வீட்டில் இதைத்தான் அதிகம் பழக வேண்டும்.

இன்னொன்று, பப்பில் கணப்புக்குப் பக்கத்தில் கருவியை வைக்காதீர்கள். சூட்டில் ஆட்டுத்தோல் இறுகி சுருதி ஏறிவிடும்.