படம் போட்ட கணினிக் கையேடும் உங்கள் மகளின் வேலையும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஆலங்குளத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பி.காம். முடித்த மகள், விண்டோஸ் கற்பதற்காகப் படம் போட்ட தடித்த கையேடு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு தினமும் பாடப்புத்தகம் போலப் படிக்கிறாள் என்றும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று உங்களுக்குக் கவலையாக இருக்கிறது என்றும், அந்தப் பணத்தைப் பாளையங்கோட்டையில் ஏதாவது ஒரு பயிற்சி மையத்தில் கட்டியிருக்கலாமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். புத்தகம் வாங்கியதில் தவறில்லை. அதைக் கணினிக்கு எதிரே விரித்து வைக்காமல் கட்டிலில் சாய்ந்துகொண்டு படிப்பதில்தான் தவறு இருக்கிறது.

படம் பார்த்துக் கற்பது சின்னப் பிள்ளைகளின் வழி என்று நினைத்துவிடாதீர்கள். விண்டோஸ் போன்ற இயங்குதளம் என்பது, ஃபைலை எங்கே வைப்பது, பிரிண்டருக்கு எதை அனுப்புவது, எந்த மென்பொருளுக்கு எவ்வளவு நினைவகம் கொடுப்பது என்று கணினிக்குள் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்கிற அடிப்படை மென்பொருள். தொடங்குகிறவருக்கு அதில் முதலில் தெரிய வேண்டியது எது எங்கே இருக்கிறது என்பதுதான். திருநெல்வேலியின் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் முதல்முறை இறங்குகிறவரிடம் தென்காசி பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று வாயால் விளக்குவதைவிட, ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினால் சட்டென்று புரிந்துகொள்வார் அல்லவா? நல்ல கையேட்டில் உள்ள படமும், அதன்மேல் வட்டமிட்டுப் போட்ட 1, 2, 3 என்ற எண்களும் செய்கிற வேலை அதுவே.

ஆனால் படத்துக்கு ஆயுள் குறைவு. சென்ற மாதம் ஒரு மாணவி தன் கையேட்டோடு என்னிடம் வந்து, என் மேசைக் கணினியில் ஒரு ஃபைலின் பெயரை மாற்ற முயன்றாள். மவுஸின் வலப்பொத்தானை அழுத்தினாள், வந்த பட்டியலைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். "சார், புத்தகத்துல ரீநேம்னு எழுதியிருக்கு, இங்க அப்படி ஒண்ணுமே இல்லியே" என்றாள். அவளிடம் இருந்தது விண்டோஸ் 10-க்கான புத்தகம், என் கணினியில் இருந்தது 2024-க்கு முந்தைய விண்டோஸ் 11. 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது, கட், காப்பி, ரீநேம், டெலீட் ஆகிய சொற்களை எடுத்துவிட்டு, பட்டியலின் ஓரத்தில் சின்னங்களை மட்டும் வைத்தார்கள்; 2024-இன் திருத்தப் பதிப்பில் சின்னங்களுக்குக் கீழே மீண்டும் சொற்களைச் சேர்த்தார்கள். இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானும் நடுவுக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவே, ஃபைலைத் தேர்ந்தெடுத்து எஃப்2 விசையை அழுத்தினால் பெயர் மாற்றலாம் என்பது மட்டும் பல பதிப்புகளாக மாறவே இல்லை. அதைச் சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகத்தில் தெரிந்த நிம்மதி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. படத்தோடு விசைப்பலகைக் குறுக்குவழியையும் சேர்த்துத் தருகிற கையேடு சீக்கிரம் பழையதாவதில்லை.

ஆகவே உங்கள் மகளின் புத்தகம் எந்தப் பதிப்புக்கானது என்று முதல் பக்கங்களிலேயே பாருங்கள். படமும் அதற்குரிய விளக்கமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா, கடைசியில் சொல்லடைவு இருக்கிறதா என்றும் பாருங்கள். சொல்லடைவு இல்லாவிட்டால், அவசரத்துக்கு ஒன்றைத் தேடி எடுக்க முடியாது. தமிழ்க் கையேடு என்றால் இன்னொன்றும் உண்டு. கோப்புறை என்று மட்டும் எழுதி, திரையில் அது ஃபோல்டர் என்று இருக்கும் என்பதைச் சொல்லாத புத்தகம், தமிழில் இருந்தும் தமிழ்ப் பிள்ளைக்கு உதவாது. இரண்டையும் சேர்த்துத் தருவதே வேண்டும்.

வீட்டுக் கணினி பழையது என்று எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்கோ குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அது இல்லாத கணினியில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பழகலாம். ஆனாலும் நம் பக்கத்து அலுவலகங்களில் அவள் பெரும்பாலும் விண்டோஸையே சந்திப்பாள் என்பதால், வாரத்தில் சில மணி நேரமாவது அதில் கைபழக ஏற்பாடு செய்யுங்கள்.

இனி படிக்கும் விதம். முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டாம்; ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதற்குரிய பக்கத்தைத் தேடச் சொல்லுங்கள். டி.என்.பி.எஸ்.சி. போன்ற இணைய விண்ணப்பங்களில் புகைப்படத்தையும் கையெழுத்தையும் குறிப்பிட்ட கேபி அளவுக்குள் பதிவேற்றச் சொல்கிறார்கள். இதற்காகவே எத்தனையோ பட்டதாரிகள் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துக் காத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த ஒரு வேலையை அவளே செய்யட்டும்: படம் எந்த ஃபோல்டரில் போய் விழுந்தது, ப்ராப்பர்டீஸில் அதன் அளவு எவ்வளவு, விண்டோஸோடு வரும் பெயின்ட் மென்பொருளில் அதை எப்படிச் சுருக்குவது, ஜேபிஜி வடிவில் வேறு பெயரில் எப்படிச் சேமிப்பது. பத்து அத்தியாயங்கள் சொல்வது இந்த ஒரு வேலைக்குள் வந்துவிடும்.

அடுத்து, அவளே ஒரு படக் கையேடு தயாரிக்க வேண்டும். விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படமாக வெட்டி எடுக்கலாம். அந்தப் படங்களை ஒட்டி, எண் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி தமிழில் எழுதி, அதை உங்களிடம் கொடுக்கட்டும். நீங்கள் யாரிடமும் கேட்காமல் அதைப் பார்த்து அந்த வேலையைச் செய்து முடித்தால் கையேடு சரி. எங்கே தடுமாறினீர்களோ அங்கே அவள் ஒரு படத்தை விட்டிருக்கிறாள் என்று பொருள். புதிதாக வருகிறவருக்கு இப்படி வேலையைச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த பிள்ளையை எந்த அலுவலகமும் எளிதில் விடாது.

இதை மட்டும் வைத்து வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அரசுத் தட்டச்சர் பணியை நினைத்தால், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அலுவலகத் தானியங்கு கணினித் தேர்வும், அதோடு தட்டச்சுத் தேர்ச்சியும் வேண்டும். கணக்கு வேலை என்றால் டேலி என்ற கணக்கெழுதும் மென்பொருள் தெரிய வேண்டும். அவற்றுக்குப் பயிற்சி மையத்தில் பணம் கட்டுவது நியாயம். கணினியைத் திறந்து மூடக் கற்பதற்கு மூன்று மாதக் கட்டணம் தேவையில்லை.

ஒரு மாதம் கழித்து அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அவள் தயாரித்த பக்கங்கள் ஐந்தானாலும் சரி, பிரிண்ட் எடுத்து வரட்டும். என் கணினியில் அவற்றை வைத்து நானே செய்து பார்க்கிறேன். டேலியா, தட்டச்சா என்பதை அன்று மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.