‘நார்மல் பீப்பிள்’ ஏமாற்றிவிட்டதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஊரே புகழ்கிறதே என்று ஐரிஷ் எழுத்தாளர் சாலி ரூனியின் ‘நார்மல் பீப்பிள்’ (2018) நாவலை வாங்கினேன், அம்மா. கானலும் மேரியானும் சேர்கிறார்கள், பிரிகிறார்கள், மறுபடியும் சேர்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது?

பதில்: காதலை மட்டும் தேடினால் கொட்டாவிதான் வரும். முதல் காட்சியைத் திரும்பப் படியுங்கள். கானல் அழைப்பு மணியை அடிக்கிறான், மேரியான் கதவைத் திறக்கிறாள். உள்ளே அவன் அம்மா லொரெய்ன் ரப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டைத் துடைப்பது அவள் வேலை. இதை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்த கண்ணோடு படிக்காதீர்கள்.

கேள்வி: டப்ளினில் வாடகை கொடுக்க முடியாதபோது, கானல் மேரியானிடம் “உன்னோடு தங்கிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டிருந்தால் பிரிவே வந்திருக்காதே? எரிச்சலாக இருந்தது.

பதில்: எரிச்சல் நியாயம்தான். ஆனால் அவன் கேட்டால் அது காசு கேட்பதாக ஆகிவிடும். இவள் குடும்பத்துக் காசில்தான் அவன் அம்மாவின் சம்பளம் வருகிறது. எனவே ஊருக்குப் போகிறேன் என்கிறான். அவளோ தன்னைக் கழற்றிவிடுகிறான் என்று நினைத்துக்கொள்கிறாள். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிந்தைய அயர்லாந்து இது. அவர்களுடைய ஊரில் கட்டிய புது வீடுகளே ஆளில்லாமல் கிடக்கின்றன. என்னைக் கேட்டால், நாவலின் உச்சம் இந்த இடம்தான்.

கேள்வி: உரையாடலுக்கு மேற்கோள்குறி ஏன் இல்லை?

பதில்: ஆசிரியரின் பாணி. இருபது பக்கத்தில் பழகிவிடும்.

கேள்வி: வர்க்கம் என்று சொல்லிச் சொதப்பலை மூடுகிறீர்கள். பிற்பாடு இருவருக்கும் அவர்கள் படிக்கும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் உதவித்தொகை கிடைக்கிறது. கட்டணம், அறை, சாப்பாடு எல்லாம் இலவசம். அப்புறமும் ஏன் ஊமையாக இருக்கிறார்கள்?

பதில்: இப்படிக் கேளுங்கள், உட்கார்ந்து பேசலாம். கானலுக்குப் பணக்கவலை போய்விடுகிறது, கூச்சம் போவதில்லை. அது வரை நான் ஆசிரியர் பக்கம். ஆனால் மேரியான் விஷயத்தில் எனக்கும் ஏமாற்றம்தான். அண்ணன் ஆலன் அடிக்கிறான், அம்மா கண்டுகொள்வதில்லை, அதனால் அவள் படுக்கையிலும் வலியைத் தேடுகிறாள் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அத்தனை கூர்மையாகத் தொடங்கிய பெண்ணை இப்படி மருத்துவக் குறிப்பாகச் சுருக்கியிருக்க வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் லொரெய்னைப் பற்றித் தனி நாவல் எழுதியிருக்கலாமே?

பதில்: அதை நான் வரிசையில் நின்று வாங்குவேன்.

கேள்வி: மேற்கோள்குறி…

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: 12 பகுதித் தொடரைப் பார்த்துவிட்டேன். புத்தகம் அவசியமா?

பதில்: தொடரைத் திட்டுவதென்றால் வேண்டாம். நாவலைத் திட்டுவதென்றால் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கேள்வி: முடிவில் கானல் நியூயார்க் போகிறானா, இல்லையா?

பதில்: மேரியான் போகச் சொல்கிறாள். போனானா என்பதை ஆசிரியர் எழுதவில்லை. என்னிடம் கேட்டுப் பயனில்லை.