மைக்ரேன் மாத்திரையும் ஏற்காடு ஏற்றமும்

மைக்ரேனுக்கு ப்ரோப்ரனலால் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து, அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு சைக்கிள் மிதிக்கும்போது நாடித்துடிப்பு 130-ஐத் தாண்டவில்லை, காலும் கனக்கிறது, இதயம் பழுதாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். எக்கோ, ஈசிஜி நார்மல் என்றால், இது பெரும்பாலும் மாத்திரையின் வேலைதான்.

ஏற்றத்தில் இதயத்தை விரட்டுவது அட்ரினலின். அது போய் ஒட்டும் பீட்டா ஏற்பிகளை மாத்திரை மறித்துக்கொள்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வித்தியாசம் குறைவு; 20 கொண்டை ஊசி வளைவுகளில்தான் நன்றாகத் தெரியும். நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கூடுதல் ரத்தம் தள்ளி ஓரளவு ஈடுகட்டும், முழுதாக அல்ல. ப்ரோப்ரனலால் பீட்டா-1, பீட்டா-2 என்ற இரு வகை ஏற்பிகளையும் அடைப்பதால் தசைக்குச் சேரும் எரிபொருளும் குறையும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் விரல்கள் சில்லிட்டால், அதுவும் இதன் கைவரிசையாக இருக்கலாம். அதிகபட்ச நாடித்துடிப்புக்குச் சொல்லும் '220 கழித்தல் வயது' கணக்கை மறந்துவிடுங்கள். மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவுக்கு மிதித்தால் போதும்.

ஞாயிறு ரைடுக்காக மாத்திரையைத் திடீரென நிறுத்த மட்டும் வேண்டாம். துடிப்பு எகிறும், ரத்த அழுத்தமும் ஏறலாம். மயக்கம், நெஞ்சுவலி, வீசிங் வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். அதெல்லாம் இல்லையென்றாலும், மருந்து எழுதிக்கொடுத்தவரிடம் சைக்கிள் விஷயத்தைச் சொல்லுங்கள். மைக்ரேனுக்கு வேறு வகைத் தடுப்பு மருந்துகளும் உண்டு.