முதற்கல்லைத் தாண்டாதீர்கள்

ஐயாவுக்கு வணக்கம்.

அப்பப்பாவின் அலுமாரியைத் துப்புரவாக்கியபோது பழைய சவரக்கத்தி ஒன்று கிடைத்தது. அலகு பிடியோடு சேரும் உருக்குக் காம்பில் ஜோசப் ரொட்ஜர்ஸ், ஷெபீல்ட் என்று வெட்டியிருக்கிறது. அலகில் இலேசான துரு. அதிலேயே முகம் வழிக்க வேண்டும் என்று ஆசை. காணொளிகளைப் பார்த்து, கொழும்பிலிருந்து 12000 இலக்க நுண்மையுள்ள தீட்டுகல் ஒன்றை எடுப்பித்து மூன்று பின்னேரம் தீட்டினேன். தோல்வாரில் மினுக்கும் பச்சைப் பசை பூசியும் இழுத்துப் பார்த்தேன். கை மயிரைக்கூட வெட்டவில்லை. இதைவிட நுண்மையான கல் வாங்க வேண்டுமா? முதுகில் ரேப் (ஒட்டுநாடா) ஒட்ட வேண்டும் என்கிறார்கள் சிலர், கூடாது என்கிறார்கள் சிலர், எது சரி? சந்தியில் மோட்டார்ச் சாணை வைத்திருப்பவர், ஐந்து நிமிடத்தில் கூராக்கிப் பளபளவென்று மினுக்கியும் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

ம., சண்டிலிப்பாய்

அன்புள்ள தம்பி,

கத்தியை மோட்டார்ச் சாணைக்குக் கொடுக்காதீர்கள். இந்த ஒன்றை மட்டும் இப்போதே கேளுங்கள், மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம். சவரக்கத்தியின் வாயோரம் மிக மெல்லியது. சுழலும் சில்லில் பட்ட கணத்திலேயே சூடேறிவிடும். 200 பாகைக்குச் சற்று மேலே வைக்கோல் நிறம் வரும், 300ஐ நெருங்க நீலம் பாயும். நீலம் பாய்ந்த உருக்கு தன் கடினத்தை இழந்துவிட்டது. பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் அங்கே கூர் நில்லாது. அந்த இடத்தையே தேய்த்து எறிய வேண்டியதுதான். சாணைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவருடைய சில்லு மண்வெட்டிக்கும் கோடரிக்கும் உரியது.

மினுக்குவதும் வேண்டாம். துரு இலேசாக இருந்தால் 600 வோட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் மணற்கடதாசி) தையல் மெசின் எண்ணெய் விட்டு, முதுகிலிருந்து வாயை நோக்கி மட்டும் தேய்த்து, பிறகு 1000 பேப்பரால் முடியுங்கள். தேசிக்காய்ப் புளியில் ஊறப்போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், புளி உருக்கைத் தின்னும். வாயோரத்திலேயே துருக்குழி இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது எல்லாக் கல்லிலும் சின்னப் பல்லாக உடைந்துகொண்டேயிருக்கும்.

இனி அந்த நுண்கல். உங்களுக்கு இன்னும் நுண்மையான கல் தேவையில்லை. உங்களிடம் இல்லாதது, துகள் பெரிய 1000 கல். இதைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். நீங்கள் மட்டுமல்ல, தகரப்பெட்டிக்குள் பழைய கத்தி கண்டெடுத்த பிள்ளைகள் பலரும் கடைசிப் படியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். காணொளியில் பார்க்க வடிவாக இருப்பது கடைசிக் கல்லும் பசையும்தான். அதற்கு முன்னால் ஒருவர் 1000 கல்லில் குனிந்து நின்ற நேரத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தானே உங்களுக்குக் காட்டுகிறார்கள்!

சவரக்கத்தியைச் செய்தவர் தீட்டும் கோணத்தை அதற்குள்ளேயே வைத்துவிட்டார். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 16 மில்லிமீற்றர் அகலமும் 4.5 மில்லிமீற்றர் முதுகுத் தடிப்பும் உள்ள அலகைப் படுக்கவைத்துத் தீட்டினால் வாயில் ஏறக்குறைய 16 பாகை வரும். இரண்டு பக்கச் சரிவும், கிடுகுக் கூரையின் இரு பக்கமும் முகட்டில் சேர்வதுபோல, ஒரு கோட்டில் சந்திக்க வேண்டும். சந்தித்தால் கூர். சந்திக்காவிட்டால் அங்கே மழுங்கலான ஒரு விளிம்பு நிற்கும். பல ஆண்டு அலுமாரியில் கிடந்த கத்தியில் நிற்பது அந்த விளிம்புதான்.

அதை எடுக்க உருக்கைத் தேய்க்க வேண்டும். 1000 கல்லின் மணி, அதாவது துகள், பத்து மைக்ரோனுக்குச் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) சற்று மேல், அது தேய்க்கும். 12000 கல்லின் மணி ஒரு மைக்ரோனை ஒட்டியது, அது மினுக்கும். நீங்கள் மூன்று பின்னேரமும் செய்தது, சந்திக்காத இரண்டு சரிவுகளையும் மினுக்கியது. பச்சைப் பசையோடு வாரில் இழுத்தது அதைவிடக் கேடு. தோல் அமுங்கி, வாயைச் சுற்றி மேலெழும்பி, மழுங்கலை இன்னும் உருட்டிவிடும். கையில் இருந்த ஆசைக்கு ஈடாகப் பொறுமையும் இருந்திருந்தால் மூன்றாம் பின்னேரத்துக்கு முன்பே நின்று யோசித்திருப்பீர்கள். பரவாயில்லை, கத்திக்கு நிரந்தரக் கேடு ஒன்றும் வந்திராது.

முதலில் கல்லைத் தட்டையாக்குங்கள். புதுக்கல்லானாலும்தான். பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தடித்த கண்ணாடியில் 400 வோட்டர் பேப்பரை நனைத்து விரித்து, கல்லை அதில் தேய்க்க வேண்டும். எல்லாக் கோடும் அழியும் வரை விடக்கூடாது. குழிந்த கல்லில் தட்டையான சரிவு வராது. பிறகு கத்தியின் வாயைக் கண்ணாடிப் போத்தலின் பக்கத்தில் பாரமில்லாமல் ஒரு தரம் இழுத்து மழுக்கிவிடுங்கள். பயப்பட வேண்டாம். இனி வரும் கூர் முழுவதும் இந்தக் கல்லில் பிறந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

பிடியைப் பிடிக்காதீர்கள், காம்பைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடியுங்கள். சரிவின் இரு பக்கத்திலும் கறுப்பு மாக்கர் பூசிக்கொள்ளுங்கள். அலகைக் கல்லில் படுக்கவைத்து, வாய் முன்னே போக, குதியிலிருந்து (காம்புப் பக்க முனை) நுனிவரை கல்லில் படும்படி சற்றுக் குறுக்காகத் தள்ளுங்கள். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டுங்கள், வாய் ஒருபோதும் அச்சாகக் கூடாது. குதிப்பக்கத்தில் அலகு தடித்துக் காம்போடு சேரும் இடம் கல்லில் ஏறக்கூடாது; ஏறினால் அலகு தூக்கிக்கொள்ளும், வாய் கல்லில் படாது. அரைச் சென்ரிமீற்றர் விட்டுப் பிடியுங்கள். பாரம் அலகின் சொந்தப் பாரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே. பாரம் கூடினால் மெல்லிய வாய் வளையும், மறுபக்கம் பிசிறு எழும்பும்.

ஐந்தாறு தரம் தள்ளிவிட்டு மாக்கரைப் பாருங்கள். வாயின் கோட்டிலேயே மை மிஞ்சியிருந்தால் கல் இன்னும் அங்கே போகவில்லை. நடுவில் அழிந்து குதியிலும் நுனியிலும் நின்றால் வாய் வில்லாக வெளியே வளைந்த கத்தி. தள்ளும்போது பாரத்தைக் குதியிலிருந்து நுனிக்கு மெல்ல மாற்ற வேண்டும். நடுவில் மட்டும் நின்றால் வாய் உள்ளே வளைந்தது. அது மாதக்கணக்கில் அல்ல, ஆனால் மணிக்கணக்கில் வேலை வாங்கும். ஒரு பக்கம் 20, மறுபக்கம் 20 என்று சமமாகப் போங்கள். மொத்தம் எத்தனை என்று கேட்காதீர்கள். தடித்த அலகுள்ள பழைய ஷெபீல்ட் கத்தியென்றால் சில நூறு ஆகலாம். பக்கங்களை உட்குழித்து மெல்லிதாக அரைத்த அலகென்றால் அதைவிடக் கெதியில் முடியும்.

எப்போது முடிந்தது? வாயை மேலே நிமிர்த்தி ரோச் வெளிச்சத்தில் பாருங்கள். எங்காவது ஒரு புள்ளி மின்னினால் அங்கே மழுங்கல் இருக்கிறது. நனைத்த பெருவிரல் நகத்தில் பாரமில்லாமல் இழுத்தால், குதியிலிருந்து நுனிவரை ஒரே சீராகக் கவ்வ வேண்டும். வழுக்கினால் மழுங்கல், துள்ளினால் பல். பிறகு கை மயிரைத் தோலோடு ஒட்டி, அலகின் மூன்று இடத்தாலும் வழித்துப் பாருங்கள். 1000 கல்லிலேயே அது வழிக்க வேண்டும். வழிக்காத கத்தியை அடுத்த கல்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், கொண்டுபோகவே கூடாது. 12000இல் நீங்கள் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு விதியை மீறியதால் வந்தது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகை வேலை செய்பவர்கள் பாவிக்கும் உருப்பெருக்கி ஒன்று கிடைத்தால் இரண்டாவது நுண்கல்லைவிட அதுவே உங்களுக்கு உதவும்.

1000 கல் கைக்கு வர நாளாகும் என்றால், ஹாட்வெயார் கடையில் 1000 வோட்டர் பேப்பர் வாங்கித் தடித்த கண்ணாடியில் நனைத்து ஒட்டிப் பாவிக்கலாம். அப்போது முதுகு முன்னே போக மட்டும் இழுங்கள், வாய் முன்னே போனால் கடதாசியை வெட்டிவிடும். தச்சரின் இருபக்கக் கல் வேண்டாம், அது உளிக்கு.

இந்தக் கைத்திறன் எங்கள் ஊர்களில் யாரிடம் இருந்தது என்றும் யோசியுங்கள். வீடு வீடாக வந்து முகம் வழித்தவர்களிடம். அவர்களைத் திண்ணையில் இருக்கவிடாத சமூகம் அவர்கள் கையிலிருந்த அறிவை எழுதிவைக்கவும் இல்லை. இன்று சலூன்களில் பிளேட் மாற்றும் கத்தி வந்துவிட்டது. தொற்றைத் தடுக்க அதுதான் சரி. ஆனால் வார் இழுத்துத் தொழில் செய்த வயோதிபர் ஒருவர் உங்கள் பக்கத்தில் இருந்தால், மரியாதையாகப் போய்ப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். அவர் கை எவ்வளவு பாரம் கொடுக்கிறது என்பதைக் காணொளி காட்டாது.

மிச்சப் படிகள் சுருக்கமானவை. இடையில் 4000 அல்லது 5000, பிறகு 8000, கடைசியாக உங்களிடமுள்ள 12000. அலகின் பாரம் மட்டும். முந்திய கல்லின் கீறல் மறைந்ததும் அடுத்ததற்குப் போகலாம். பச்சைப் பசையைக் கழுவி வையுங்கள். வாரைத் தொய்யாமல் இழுத்துக் கட்டி, வாரின் துணிப்பக்கத்தில் 30 தரம், தோலில் 50 தரம், எப்போதும் முதுகு முன்னே. வேகம் வேண்டாம், வாரை வெட்டிவிடுவீர்கள்.

ரேப் விவாதத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஒட்டினால் முதுகு தேயாது, கோணம் ஏறக்குறைய ஒரு பாகை கூடும். ஒட்டித் தொடங்கினால் கடைசிக் கல்வரை ஒட்டியே முடியுங்கள், தேய்ந்ததும் மாற்றுங்கள்.

கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், காற்றில் உப்பு அதிகம். பாவித்ததும் அலகைத் துடைத்து உலரவிட்டு ஒரு துளி மெசின் எண்ணெய் பூசுங்கள், காம்பு பிடிக்குள் ஆணியில் சுழலும் இடத்திலும். 1000 கல்லில் முதற் பின்னேரம் முடிந்ததும் மாக்கர் எங்கே அழியாமல் நிற்கிறது, குதியிலா நடுவிலா நுனியிலா என்று எழுதுங்கள். அலகு தடித்ததா, உட்குழித்ததா என்றும் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அதுதான் இல்லை.