மே விடுமுறையில் உகாண்டா கிராமத்துக்குத் தன்னார்வலராகப் போகலாமா?

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். மே மாதம் முழுக்க உகாண்டாவில் மசாக்கா பக்கம் ஒரு கிராமத்தில் தன்னார்வலராக இருந்துவிட்டு வர ஆசை. விமானக் கட்டணம் தவிர ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறது ஒரு நிறுவனம். காலையில் ஆதரவற்ற குழந்தைகள் இல்லம், மதியம் பள்ளியில் ஆங்கில வகுப்பு என்று சொல்கிறார்கள். நம்பிப் போகலாமா? என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: உகாண்டாவுக்குப் போங்கள், ஆனால் இந்தத் திட்டத்தில் சேர வேண்டாம்.

முதலில் பள்ளி நாட்காட்டியைப் பார்ப்போம். அங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது. முதல் பருவம் மே தொடக்கத்தில் முடிந்துவிடும். அடுத்தது மே கடைசியில்தான் ஆரம்பிக்கும். நீங்கள் இருக்கப்போகும் நாட்களில் பெரும்பாலும் அங்கேயும் விடுமுறை. அப்படியானால் உங்களை எந்த வகுப்பில் நிறுத்துவார்கள் என்று அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வராவிட்டால், வந்தவர்களுக்காகப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

குழந்தைகள் இல்லத்து வேலையை ஒரேயடியாக வேண்டாம் என்பேன். இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். சோறும் படிப்பும் கிடைக்குமே என்றுதான் கொண்டுவந்து விடுகிறார்கள். வந்து பார்ப்பவர்கள் பணம் தருவதால், இல்லத்தைப் பிள்ளைகளால் நிரப்பி வைப்பதே சிலருக்குப் பிழைப்பாகிவிட்டது. 2018-ல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது, இப்படிப் பணத்துக்காகப் பிள்ளைகளை இல்லங்களில் சேர்ப்பதையும் அதோடு சேர்த்துப் பேசியது. அதோடு, மாதத்துக்கு ஒரு புது அக்கா வந்து மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுக் கிளம்பிப் போனால் மூன்று வயதுப் பிள்ளை என்ன ஆகும்? உங்களிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்றாவது கேட்டார்களா? முன்பின் தெரியாத ஒருவரை எதுவும் கேட்காமல் குழந்தைகளோடு விடுகிற இடம், நாளை யாரையும் விடும்.

சரி, உங்களால் அங்கே என்ன செய்ய முடியும்? கிராமப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புகளும் தாய்மொழியில்தான் நடக்கின்றன. மசாக்கா பக்கம் அது லுகாண்டா. நான்காம் வகுப்பிலிருந்து ஆங்கிலம். ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு நீங்கள் பாடம் நடத்த வழியில்லை. ஆனால் நீங்கள் கணித ஆசிரியை. ஏழாம் வகுப்பு முடிவில் அங்கே ஒரு பொதுத் தேர்வு உண்டு, அதில் கணிதமும் ஒரு பாடம். 1997-ல் கட்டணமில்லாத் தொடக்கக் கல்வி வந்த பிறகு வகுப்புகளில் பிள்ளைகள் நிரம்பி வழிகிறார்கள். பின்னத்தை எண்பது பேருக்கு ஒரே நேரத்தில் புரியவைப்பது எப்படி என்பது அங்குள்ள ஆசிரியர்களின் அன்றாடப் பாடு. மே விடுமுறையில் பத்து நாள் அந்த ஆசிரியர்களோடு உட்கார்ந்து, பாட்டில் மூடியும் விதையும் அட்டையும் வைத்துக் கற்பித்தல் பொருள்கள் செய்யலாம். அவர்கள் வைத்திருக்கும் உத்திகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இது தேவையா என்று ஒரு பள்ளியின் தலைமையாசிரியரிடம் நேரடியாகக் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் பயணச்சீட்டு எடுங்கள். எந்த விசாவில் வர வேண்டும் என்பதையும் அவரிடமே எழுத்தில் கேளுங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை வேலைதான்; சுற்றுலா விசாவை நம்பிப் போகாதீர்கள்.

உடல்நல ஏற்பாடுகளில் மட்டும் அலட்சியம் கூடாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். திரும்பும்போது நம் நாட்டு அதிகாரிகளும் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்று செல்லும். அப்புறம் ஆயுளுக்கும் போதும். மலேரியா அங்கே வருடம் முழுவதும் உண்டு, மே மழைக்காலம் வேறு. ஆகவே கொசுவலையோடு தடுப்பு மாத்திரையும் கட்டாயம். சில மாத்திரைகளை ஊர் திரும்பி நான்கு வாரம் வரை தொடர வேண்டியிருக்கும். எது உங்களுக்கு ஏற்றது என்பதை மருத்துவர் சொல்லட்டும். வந்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், உகாண்டா போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விக்டோரியா ஏரியில் குளிக்காதீர்கள். கரையோர நத்தைகளிலிருந்து வரும் ஒட்டுண்ணி தோல் வழியே உடம்புக்குள் புகும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். வேகவைத்து மசித்த வாழைக்காய் மடோக்கே, நம் களி போன்ற போஷோ, பீன்ஸ், வேர்க்கடலைக் குழம்பு எல்லாம் சைவம். இந்தியர்கள் கொண்டுபோன சப்பாத்தி அங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும்; முட்டை அடையை அதில் சுற்றித் தந்தால் அதன் பெயர் ரோலெக்ஸ்.

ஊருக்குப் போனதும் எல்சி-1 எனப்படும் கிராமக் குழுத் தலைவரைப் பார்த்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழே இறங்கிய உடை நல்லது, சுடிதார் தாராளமாகப் போதும். பிள்ளைகளைப் படம் எடுத்துப் பகிர வேண்டாம். போடா போடா என்னும் இருசக்கர வாடகை வண்டியில் இரவில் ஏறாதீர்கள்.

கடைசியாக, யாராவது 'இரண்டு மணிக்கு வா' என்றால் ஒரு தடவை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் நாழிகையைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணியது போல அவர்கள் மணியை எண்ணுகிறார்கள். லுகாண்டாவில் இரண்டு மணி என்றால் நமக்குக் காலை எட்டு.